குதிரையின் குளம்புக்கு எந்தச் சத்துப்பொடி? மதுரைப் பகுதிக் குதிரை வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி ஊர்ப்புறங்களிலும் கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு ஓட்டுபவர்கள், வண்டிப் பந்தயத்துக்குக் குதிரை பழக்குபவர்கள், ஆசைக்கு ஒன்றிரண்டு வளர்ப்பவர்கள் என்று பலர் குதிரை வைத்திருக்கிறார்கள். குளம்பு வெடிக்கிறது, லாட ஆணி பிடிக்கவில்லை, எந்தப் பவுடர் வாங்கலாம் என்ற கேள்வி இவர்கள் எல்லாரிடமிருந்தும் வருகிறது. கொள்ளும் தவிடும் வைக்கோலும் தின்னும் நம் பக்கத்துக் குதிரைக்கு எது தேவை, எது வீண் செலவு, எது ஆபத்து என்பதை மனத்தில் வைத்தே கீழ்க்காணும் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

குளம்பு வெடிப்பதற்குச் சத்துக் குறைவுதான் காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான்கு கால்களையும் தூக்கிப் பாருங்கள். நான்கு குளம்புகளும் ஒரே மாதிரி உதிர்ந்து, ஆணி அடித்த இடங்கள் பிய்ந்து, கூடவே பிடரி மயிரும் உடல் மயிரும் பொலிவிழந்து இருந்தால் தீவனத்தில் குறை இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு குளம்பில் மட்டும் வெடிப்பு இருந்தால் அது பெரும்பாலும் அடிபட்டதாலோ, குளம்பு ஒருபக்கமாகச் சாய்த்து வெட்டப்பட்டதாலோ வந்தது. அதற்கு எந்தப் பொடியும் மருந்தாகாது. குளம்பின் மேற்பகுதி வழவழப்பாகவும் தரையைத் தொடும் பகுதி மட்டும் விரிந்து பிளந்தும் இருந்தால், லாடக்காரர் வர வேண்டிய நாள் தள்ளிப்போய்விட்டது என்று பொருள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் சீவி லாடத்தை மாற்றிக் கட்ட வேண்டும். தேயாத லாடத்தை எதற்குக் கழற்றுவது என்று மூன்று நான்கு மாதம் விட்டுவிடும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. தேய்வது லாடம்தானே தவிர, குளம்பு உள்ளே வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

பருவத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய குளம்பு, தை பிறந்ததும் வெயிலில் காய்ந்து இறுகுகிறது. இப்படி ஊறுவதும் காய்வதுமாக மாறி மாறி நடப்பதே குளம்புச் சுவரைப் பலவீனப்படுத்தும். தினமும் காலைக் கழுவிவிட்டு உடனே வெயிலில் கட்டுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

குளம்புக்கு எந்தெந்தச் சத்துகள் தேவை?

குளம்புச் சுவர் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பது கந்தகம் கொண்ட சிஸ்டைன் என்னும் அமினோ அமிலம் (புரதத்தின் கட்டுமானக் கூறுகளில் ஒன்று). உடல் அதை மெத்தியோனின் என்னும் மற்றோர் அமினோ அமிலத்திலிருந்து உருவாக்கிக்கொள்கிறது. அந்தப் பிணைப்பு நடைபெறத் தாமிரம் வேண்டும். கெரட்டினை உண்டாக்கும் செல்கள் பெருகி முதிர்வதற்குத் துத்தநாகம் வேண்டும். செல்களுக்கு இடையே உள்ள பசை போன்ற பொருள் சரியாக அமையப் பயோட்டின் என்னும் பி வகை வைட்டமினும், கால்சியமும், ஓரளவு நல்ல கொழுப்பும் வேண்டும். ஒன்று குறைந்தால் மற்றவற்றை அள்ளிக் கொடுத்தும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. பயோட்டினை மட்டும் வாங்கிக் கொடுத்துப் பலன் காணாதவர்கள் பலருக்குக் காரணம் இதுவே.

பயோட்டின் உண்மையிலேயே பலன் தருமா? எவ்வளவு கொடுக்க வேண்டும்?

பலன் தரும், ஆனால் பொறுமை வேண்டும். வியன்னாவில் உள்ள ஸ்பானிய குதிரையேற்றப் பள்ளியின் லிப்பிசானர் குதிரைகளுக்கு நாள்தோறும் 20 மி.கி. பயோட்டின் கொடுத்து நடத்திய ஆய்வு 1995இல் வெளியாயிற்று. அதில் குளம்பின் தரம் தெளிவாக உயர்ந்தது தெரிய ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் ஆயின; குளம்பு வளரும் வேகம் மட்டும் மாறவில்லை. ஆகவே 'குளம்பு வேகமாக வளரும்' என்று விற்கப்படும் பொடியைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 மி.கி. வரை என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. குதிரையின் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்களும் பயோட்டினை உண்டாக்குகின்றன என்பதால், நல்ல குளம்புள்ள குதிரைக்கு இது அவசியமே இல்லை.

எங்கள் குதிரை சிறியது. அதன் எடையை எப்படி அறிவது?

தையல்காரர் வைத்திருக்கும் நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்த சுற்றளவையும், தோள்பட்டையின் முன்முனையிலிருந்து பின்புட்ட முனை வரையுள்ள நீளத்தையும் சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் தோராயமான எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 140 என்றால் எடை சுமார் 300 கிலோ. இப்படிப்பட்ட குதிரைக்கு நாளைக்கு 9 முதல் 12 மி.கி. பயோட்டின் போதுமானது. வளர்ந்த பெரிய மார்வாரிக் குதிரைக்கும் மட்டக்குதிரைக்கும் ஒரே கரண்டியில் அளந்து போடுவது, ஒன்றுக்குக் குறைவாகவும் மற்றொன்றுக்கு அதிகமாகவும் முடியும்.

கொள்ளும் கோதுமைத் தவிடும் வைக்கோலும் தாராளமாகக் கொடுக்கிறோம். அதற்கு மேலும் சத்து எதற்கு?

இந்தக் கேள்விக்கான பதில்தான் பொடி தேர்வு செய்வதற்கு அடிப்படை என்பதால், சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

கொள்ளில் சுமார் 22 விழுக்காடு புரதம் இருக்கிறது. பருப்பு வகைகளுக்கே உரிய முறையில் அதில் லைசின் என்னும் அமினோ அமிலம் நன்றாகவும் மெத்தியோனின் குறைவாகவும் உள்ளது. அதாவது குதிரைக்கு உடம்பு பிடிக்கும். குளம்புக்கு வேண்டிய கந்தக அமினோ அமிலம் மட்டும் போதாமல் நிற்கும். கம்பு இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. செக்கில் அன்றாடம் கிடைக்கும் எள்ளுப் புண்ணாக்கு மெத்தியோனின் மிகுந்தது. பூஞ்சை பிடிக்காத புதுப் புண்ணாக்காக இருந்தால் சிறிதளவு சேர்ப்பது பயன் தரும். கடலைப் புண்ணாக்கில் அந்த நன்மை இல்லை. ஈரம் பட்டதென்றால் அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு வேறு வரும்.

தவிட்டின் சிக்கல் வேறு. கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. நாளுக்கு இரண்டு கிலோ தவிடு தின்னும் குதிரைக்கு அதிலிருந்து ஏறத்தாழ 20 கிராமுக்கு மேல் பாஸ்பரஸும் இரண்டு மூன்று கிராம் கால்சியமும் போகின்றன. இந்த ஏற்றத்தாழ்வு நீடித்தால் உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி எடுக்கும். முகத்தெலும்பு வீங்கிப் பெருக்கும் நோய் இப்படித்தான் வருகிறது. தவிட்டில் உள்ள பைட்டேட் துத்தநாகத்தையும் கட்டிப்போடுகிறது. அரிசித் தவிட்டுக்கும் இதே குறை உண்டு. தவிட்டைக் குறைப்பதே சிறந்த வழி. குறைக்க முடியாதவர்கள், இரண்டு கிலோ தவிட்டுக்குச் சுமார் 50 கிராம் தீவனத்தரச் சுண்ணாம்புக்கல் பொடி சேர்த்தால் கணக்கு ஏறக்குறையச் சமனாகும். இது வெற்றிலைக்குத் தடவும் நீற்றுச் சுண்ணாம்பு அல்ல. அது வாயையும் குடலையும் புண்ணாக்கும்.

நெல் வைக்கோல் வயிற்றை நிரப்பும், குடலை ஓட்டும். அதற்கு மேல் அதில் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. புரதம் நான்கு விழுக்காட்டைத் தாண்டுவது அரிது. பச்சைத் தீவனத்துக்கு இப்போது எங்கும் வளர்க்கப்படும் கோ 4 கம்பு நேப்பியர் புல்லில் ஆக்சலேட் அதிகம். கொழுக்கட்டைப் புல்லிலும் அப்படியே. ஆக்சலேட் கால்சியத்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மாடும் ஆடும் அசைபோடும் வயிற்றில் அதைச் சிதைத்துக்கொள்ளும், குதிரைக்கு அந்த வசதி குறைவு. குதிரைமசால் கிடைக்குமானால், காய்ந்ததாக இருந்தாலும், தினமும் ஒரு கிலோ கொடுங்கள். கால்சியமும் நல்ல புரதமும் ஒருசேரக் கிடைக்கும். பயோட்டினுக்கு மசியாத சில குதிரைகளின் குளம்பு, தீவனத்தில் கால்சியத்தையும் புரதத்தையும் சரிசெய்த பிறகே தேறியது என்று 1980களில் பிரிட்டனில் நடந்த ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

ஆக, மதுரைப் பக்கத்து வழக்கமான தீவனத்தில் குறைவன துத்தநாகம், தாமிரம், கால்சியம், மெத்தியோனின். பொடி வாங்கும்போது இந்த நான்கையும் தேடிவிட்டுப் பிறகு பயோட்டினைத் தேடுங்கள் என்பதே என் கருத்து.

டப்பாவின் மேல் உள்ள அட்டவணையை எப்படிப் படிப்பது?

டப்பாவின் முன்பக்கத்தில் குதிரை பாய்வதைப் பார்க்காமல், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். அளவு எதற்குச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதே முதலில் கவனிக்க வேண்டியது. ஒரு பொடியில் 'கிலோவுக்குப் பயோட்டின் 500 மி.கி., தினசரி அளவு 30 கிராம்' என்றும், மற்றொன்றில் '100 கிராமுக்குப் பயோட்டின் 2,000 மைக்ரோகிராம், தினசரி அளவு 50 கிராம்' என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பார்வைக்கு இரண்டாவது பெரிய எண். கணக்குப் போட்டால் முதலாவதிலிருந்து குதிரைக்கு நாளுக்கு 15 மி.கி. கிடைக்கிறது, இரண்டாவதிலிருந்து ஒரே ஒரு மி.கி. ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தது ஒரு மி.கி. என்பதை மறந்தால் இப்படித்தான் ஏமாற நேரும்.

விலையையும் அதே முறையில் பாருங்கள். டப்பா என்ன விலை என்பதைவிட, தேவையான அளவைக் கொடுத்தால் அது எத்தனை நாள் வரும், மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்பதே பொருள் உள்ள கேள்வி. 

அடுத்தது துத்தநாகமும் தாமிரமும். 500 கிலோ எடையுள்ள, கடும் வேலை இல்லாத குதிரைக்கு நாளுக்கு மொத்தம் 400 மி.கி. துத்தநாகமும் 100 மி.கி. தாமிரமும் வேண்டும் என்பது அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2007இல் வெளியிட்ட அளவு. நம் 300 கிலோ குதிரைக்கு அது 240 மி.கி.யும் 60 மி.கி.யும் ஆகும். பொடியில் துத்தநாகம் தாமிரத்தைப் போல மூன்று அல்லது நான்கு மடங்கு இருப்பது சரியான விகிதம். தாமிரமே இல்லாமல் துத்தநாகத்தை மட்டும் குவித்திருக்கும் பொடி, ஏற்கெனவே குறைந்த தாமிரத்தை மேலும் உறிஞ்ச விடாமல் தடுக்கும். மெத்தியோனின் மி.கி.யில் அல்ல, கிராமில் இருக்க வேண்டும், சில மி.கி. என்று எழுதியிருந்தால் அது பெயருக்குச் சேர்த்தது.

இரும்புச்சத்து மிகுந்தது என்பதை ஒரு சிறப்பாக எழுதியிருப்பார்கள். குதிரைக்கு இரும்பு குறைவது மிக அரிது. தீவனத்திலும் அதில் ஒட்டிய மண்ணிலுமே தேவைக்கு மேல் போய்விடுகிறது. அளவே குறிப்பிடாமல் 'சிறப்பு மூலிகைக் கலவை' என்று மட்டும் எழுதியிருக்கும் டப்பாவை வாங்க வேண்டாம். ஜெலட்டின், கொலாஜன் சேர்த்ததற்காகக் கூடுதல் விலை கேட்டாலும் கொடுக்க வேண்டாம். ஜெலட்டினில் குளம்புக்கு வேண்டிய கந்தக அமினோ அமிலங்கள் மிகக் குறைவு.

கறவை மாட்டுக்கு வாங்கும் தாது உப்புக் கலவையைக் குதிரைக்கும் கொடுக்கலாமா?

தாதுக்கள் மட்டும் கொண்ட கலவை என்றால், அட்டவணையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, எடைக்கு ஏற்ற அளவைக் கேட்டுக் கொடுக்கலாம். அதில் கால்சியமும் துத்தநாகமும் தாமிரமும் உண்டு. பயோட்டினும் மெத்தியோனினும் பெரும்பாலும் இராது. கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு இது ஒரு நியாயமான தொடக்கம்.

ஆனால் தாது உப்பு வேறு, கலப்புத் தீவனம் வேறு. மாட்டுக்கான கலப்புத் தீவனத்தில் யூரியா இருக்கலாம். மாட்டுத் தீவனம் சிலவற்றிலும் கோழித் தீவனத்திலும் மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் சேர்க்கப்படுகின்றன. உடல் எடையில் கிலோவுக்கு இரண்டு மூன்று மி.கி. மொனென்சினே குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொல்லப் போதும். தீவனம் தீர்ந்த அன்று பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து ஒரு வாளி வாங்கி வருவது, எவ்வளவு அவசரமானாலும், கூடவே கூடாது.

மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கும் பயோட்டின் மாத்திரை ஆகுமா?

பயோட்டின் யாருக்கு விற்றாலும் பயோட்டின்தான். 10 மி.கி. மாத்திரை பரவலாகக் கிடைக்கிறது. 300 கிலோ குதிரைக்கு நாளுக்கு ஒன்று கணக்காகும். முடி வளர்ச்சிக்கென்று பல சத்துகளைக் கலந்து விற்பதை விட்டுவிட்டு, பயோட்டின் மட்டும் உள்ளதை, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வாங்குங்கள். தாது உப்போடு சேர்த்துப் பார்த்தால் சில குதிரைகளுக்கு இதுவே விலையுயர்ந்த டப்பாவைவிட மலிவாக முடியும்.

பந்தயக் குதிரைக்குப் பச்சை முட்டை உடைத்து ஊற்றுகிறோம். குளம்புக்கும் நல்லதுதானே?

நேர்மாறானது. பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்னும் புரதம் பயோட்டினை இறுகப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்கிறது. காலையில் முட்டையும் மாலையில் பயோட்டின் பொடியும் கொடுப்பவர், பொடிக்குச் செய்த செலவில் ஒரு பகுதியைத் தாமே அழிக்கிறார். முட்டை கொடுத்தே தீர வேண்டும் என்பவர்கள் நன்றாக வேகவைத்துக் கொடுக்கட்டும். வேகும்போது அவிடின் செயலிழந்துவிடும்.

சத்து கூடினால் கெடுதல் உண்டா?

பயோட்டின் கூடினால் பெரிதாகக் கெடுதல் இல்லை. செலினியம் என்னும் தாது அப்படியல்ல. 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மி.கி. போதும், அதற்குப் பல மடங்கு மேலே நாள்கணக்கில் போனால் பிடரியும் வாலும் கொட்டி, குளம்பு விளிம்பில் வெடித்து, கழன்றே விழும் நிலையும் வரலாம். குளம்பை வளர்க்க வாங்கிய இரண்டு மூன்று பொடிகளில் ஒவ்வொன்றிலும் செலினியம் இருந்து, மூன்றையும் சேர்த்துக் கொடுப்பதே இதற்கு வழக்கமான வழி. ஒரே நேரத்தில் ஒரு பொடிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வேலியிலேயே இன்னொன்று நிற்கிறது. ஆட்டுக்கு ஒடித்துப் போடும் சூபாபுல் என்கிற சவுண்டல் இலையில் மிமோசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. குதிரை அதைத் தொடர்ந்து தின்றால் வால் மயிர் கொட்டி, குளம்பில் வளையங்கள் விழுந்து, குளம்பே கெடும். குளம்புக் குறைக்கு ஆயிரக்கணக்கில் பொடி வாங்குபவர்கள் லாயத்தைச் சுற்றி என்ன மரம் நிற்கிறது என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.

பொடியை எப்படிக் கொடுப்பது, எங்கே வைப்பது?

அவித்த கொள்ளு ஆறிய பிறகு, கொடுக்கும் நேரத்தில் கலக்குங்கள். டப்பாவை இறுக மூடி நிழலில் வையுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்த வைட்டமின் விரைவில் வீரியம் இழக்கும். ஆகவே ஆறு மாதத்துக்குச் சேர்த்து வாங்க வேண்டாம்.

பலன் எப்போது தெரியும்?

குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளர்கிறது. முன்பக்கச் சுவர் ஏழரை சென்டிமீட்டர் நீளம் என்றால், மயிர் ஓரத்தில் இன்று உருவாகும் புதுக் குளம்பு தரையைத் தொட ஒன்பது பத்து மாதம் ஆகும். பழைய வெடிப்பு ஒட்டிக்கொள்ளாது. அது கீழே இறங்கி, சீவப்பட்டே மறைய வேண்டும். ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய குதிரைக்கு அன்றே தொடங்கினாலும் அடுத்த சித்திரையில்தான் முழுக் குளம்பையும் பார்க்கலாம்.

ஆனாலும் அதுவரை கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. தொடங்கும் நாளில் நான்கு குளம்புகளையும் பக்கவாட்டில் படம் எடுத்துவையுங்கள். மூன்று மாதத்தில் மயிர் ஓரத்துக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குப் புதுச் சுவர் வந்திருக்கும். அது பழையதைவிட இறுக்கமாகவும் வழவழப்பாகவும் இருந்தால் தொடருங்கள். வேறுபாடே இல்லை என்றால் பொடியின் அளவை இரட்டிப்பாக்காமல், தவிட்டையும் லாட இடைவெளியையும் மறுபடி பாருங்கள்.

குளம்பில் வேப்பெண்ணெய், நல்லெண்ணெய் தடவினால் போதாதா?

வெளியே தடவுவது உள்ளே சத்தாகச் சேராது. குளம்பின் ஈரம் சட்டென்று ஏறி இறங்குவதை எண்ணெய் ஓரளவு குறைக்கலாம், அவ்வளவே. அடிக்குளம்பில் அழுகல் நாற்றம் இருக்கும்போது எண்ணெயை மெழுகி மூடுவது தவறு. முதலில் மூத்திர ஈரம் தேங்காத உலர்ந்த தரை வேண்டும்.

எந்த நிலையில் பொடியை விட்டுவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும்?

குளம்பு தொட்டால் சுடுகிறது, குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டிப் பின்னங்கால்களில் பாரம் போட்டு நிற்கிறது, திரும்பவே தயங்குகிறது என்றால் அது லேமினைடிஸ் என்னும் குளம்பு அழற்சியாக இருக்கலாம். அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். பந்தயத்துக்கு முன் தானியத்தையும் வெல்லத்தையும் அள்ளிக் கொடுப்பதாலும், வேலையில்லாமல் கொழுத்துப் போவதாலும் இது வருகிறது. மருத்துவர் வரும்வரை தானியத்தை நிறுத்தி, மணலோ கனமான வைக்கோலோ பரப்பிய மென்மையான தரையில் நிறுத்துங்கள்; நடத்த வேண்டாம். வெடிப்பிலிருந்து இரத்தமோ சீழோ வந்தாலும், ஆணி அடித்த மறுநாள் கால் ஊன்றாமல் நின்றாலும் தாமதிக்கக் கூடாது. இரணஜன்னி குதிரைக்கு எளிதில் வரும் நோய் என்பதால் தடுப்பூசி போட்ட நாளைக் குறித்துவைத்திருந்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குளம்பு தேறிய பிறகு பொடியை நிறுத்தலாமா?

தீவனம் மாறியிருந்தால் நிறுத்திப் பார்க்கலாம். தவிடு குறைந்து, குதிரைமசாலும் தாது உப்பும் நிலையாகக் கிடைக்கும் குதிரைக்குப் பொடி தேவைப்படாமலே போகலாம். பழைய தீவனமே தொடர்ந்தால் பொடியை நிறுத்திய சில மாதங்களில் மயிர் ஓரத்திலிருந்து மறுபடியும் பலவீனமான குளம்பு இறங்கத் தொடங்கும். பயோட்டினுக்குத் தேறிய குதிரைகளிலும் இப்படி நேர்வதுண்டு. நிறுத்துவதானால் மழைக்காலத்துக்கு முன் வேண்டாம். மாசி, பங்குனியில் நிறுத்தி, லாடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் மேல் விளிம்பை லாடக்காரரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஆணி இறங்கும்போது சுவர் பிடிக்கிறதா, உதிர்கிறதா என்பது அவர் கைக்கு உடனே தெரிந்துவிடும்.